பத்திரமாக வைத்த எட்டுப் பக்கம்

பள்ளிக்கூடங்களில் அலுவலக உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளே, உங்கள் கையில் ஒரு நீள நோட்டைக் கொடுத்திருப்பார்கள். அட்டை போட்டிருக்கும், ஓரத்தில் நூல் கட்டிய பேனா தொங்கும். அதற்கு சப்ஸ்டிடியூஷன் நோட்டு என்று பெயர். இன்று எந்த ஆசிரியர் வரவில்லை, அவருடைய வகுப்புக்கு எந்தப் பீரியடில் யார் போகவேண்டும் என்று தலைமையாசிரியர் காலையில் அதில் எழுதுவார். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் உரியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. படித்த மனிதர்கள் ஒரு நோட்டைக் கண்டு எப்படியெல்லாம் ஓடி ஒளிவார்கள் என்பதை இந்த ஒரு வேலையில்தான் பார்க்க முடியும்.

சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் அந்த நோட்டைத் தூக்கினேன். நான் நோட்டோடு ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் அறிவியல் சாருக்குப் பசி வந்துவிடும். மணி ஒன்பதே முக்காலாக இருந்தாலும் டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். “சாப்பிடறவங்கிட்ட கையெழுத்து கேக்கலாமாக்கா?” என்பார். ஒருநாள் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஸ்பூன் மட்டும் இருந்தது. இன்னொரு டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு விடைத்தாள் கட்டின் மேல் கவிழ்ந்துவிடுவார். அந்தக் கட்டு காலாண்டுத் தேர்வில் தொடங்கியது. அரையாண்டு வரையில் மேலே இருந்த தாள் மாறவே இல்லை.

அவர்களைச் சொல்லி என்னைப் பெரியவளாக்கிக்கொள்ள மாட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். அதைவிட முக்கியமாக, பயந்தவள். பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது முறையும் இழுப்பேன். எனக்கு முன்னால் இந்த நோட்டைத் தூக்கியவர் வேலையை என்னிடம் ஒப்படைத்தபோது ஒரே ஒரு புத்திமதி சொன்னார். “கையெழுத்து இருக்குதா? உன் வேல முடிஞ்சுது. உள்ள பாடம் நடக்குதா பஜன நடக்குதான்னு எட்டிப் பாத்தியோ, நீதான் மாட்டுவ பாக்கியம்.” அவர் ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றவர். பயந்தவளுக்கு இதைவிட நல்ல புத்திமதி வேறென்ன வேண்டும்? பல வருஷம் அப்படியே இருந்தேன்.

அப்புறம் நீலக் கோப்பு வந்தது. எங்கள் தலைமையாசிரியரை ஹெச்.எம். சார் என்போம். அவர் கடலூரில் கூட்டத்துக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஏதாவது ஓர் உத்தரவைக் கொண்டுவருவார். அந்த முறை கொண்டுவந்தது உண்மையிலேயே நல்ல உத்தரவு. ஆசிரியர் வராத நாளில் வகுப்பு வீணாகக் கூடாது. தன் இடத்துக்கு வருகிறவர் என்ன நடத்தவேண்டும் என்று ஒவ்வொரு ஆசிரியரும் முன்கூட்டியே பாடத்திட்டம் எழுதி, ஒரு நீலக் கோப்பில் வைக்கக் கொடுக்கவேண்டும்.

இரண்டே நாளில் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். இவ்வளவு சுறுசுறுப்பா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. படித்துப் பார்த்தேன். படிப்புக் குறைந்தவர்கள் கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் படித்துப் பார்ப்போம். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்களுக்கு அந்தச் சிரமம் கிடையாது. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்து, பாடத்தின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். “ஏற்கனவே நடத்திய பாடத்தைத் திருப்புதல் செய்யவும். மாணவர்கள் அமைதி காக்கவும்.” விளையாட்டு ஆசிரியரான பி.டி. சார் மட்டும் கொஞ்சம் மூளையைச் செலவழித்திருந்தார். “ஏற்கனவே ஓடியதைத் திருப்புதல் செய்யவும்.” ஹெச்.எம். சார் எல்லாவற்றிலும் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

கொடுக்காதவர் ஒருவர்தான், பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சர். “அன்னிக்கி நான் எந்த எடத்துல நிக்கறனோ, அதுலருந்து தான சார் எழுத முடியும்? இப்பவே எப்டி எழுதறது?” என்று கேட்டார். ஹெச்.எம். சாருக்கு அது வம்பாகப் பட்டது. “நீ அவுங்க பேர்லயும் ஒண்ணு ஜெராக்ஸ் எடுத்துப் போட்டுடு பாக்கியம்” என்றார். போட்டேன்.

அந்த டீச்சர் திருவதிகையிலிருந்து பஸ்ஸில் வருபவர். நவம்பர் மழையில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. பொங்கல் வரைக்கும் காலை ஊன்றக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் அவருடைய வீட்டுக்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். உள்ளே எட்டுப் பக்கம், கையால் எழுதியது. “கால தலகாணி மேல வச்சிக்கினே எழுதினாங்கம்மா. சொன்னா கேக்கல” என்றார். உறையின் மேல் இப்படி எழுதியிருந்தது: “பத்தாம் வகுப்பு, பி பிரிவு. யார் வந்தாலும் நடத்தலாம்.”

ஹெச்.எம். சார் கடலூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உறையைக் காட்டினேன். செருப்பை மாட்டிக்கொண்டே, “நல்ல விஷயம். பத்திரமா வை” என்றார்.

என்னிடம் யாராவது பத்திரமா வை என்று சொல்லலாமா? உறையை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டேன். பீரோவில் தேசியக் கொடிக்கும் தேர்வு அரக்கு முத்திரைக்கும் நடுவில் வைத்தேன். பூச்சி அரிக்கக் கூடாதே என்று இரண்டு அந்துருண்டை போட்டேன். பூட்டினேன். மூன்று முறை இழுத்துப் பார்த்தேன்.

பத்தாவது பி-க்கு சப்ஸ்டிடியூஷனில் போனவர்கள் நீலக் கோப்பைக் கேட்டார்கள். அதில் டீச்சர் பெயரில் நான் எடுத்துப் போட்ட ஜெராக்ஸ் இருந்தது, அதைக் காட்டினேன். ஆசிரியர் அறையில் யாருக்கும் அந்த உறை வந்தது தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் அது ‘பத்திரமா வைத்த’ பொருள், இது கோப்பு. இரண்டும் ஒரே வகுப்புக்கு என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். நீங்களும் ஒருநாள் செய்வீர்கள்.

மூன்று வாரம் போனது. திங்கட்கிழமைதோறும் வகுப்புத் தலைவர்கள் என்னிடம் வந்து சாக்பீஸ் வாங்கிப் போவார்கள். பத்தாவது பி-யிலிருந்து யாரும் வருவதில்லை என்று அந்தத் திங்கட்கிழமைதான் கவனித்தேன். வராண்டாவில் போன தேன்மொழியைக் கூப்பிட்டேன். அந்த வகுப்பின் தலைவி அவள். கிள்ளைப் பக்கத்திலிருந்து வருகிற பெண். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர்.

“ஏன் பாப்பா, ஒங்க கிளாஸுக்கு மட்டும் சாக்பீஸ் வேணாமா?”

“போன மாசம் குடுத்ததே அப்டியே இருக்குதுக்கா.”

“கணக்குக்கு எழுத வேணாமா?”

“எழுத எடம் எங்க? டீச்சர் முக்கோணம் போட்டு, ஓரத்துல ‘அழிக்க வேண்டாம்’னு எழுதிட்டுப் போனாங்க. அத யாரும் தொட மாட்றாங்க. நீங்களும்தான் அழிக்கல.”

உண்மைதான். சாயங்காலம் எல்லாப் போர்டையும் துடைக்கிறவள் நான்தான். அழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்ததால் அந்தப் போர்டை மட்டும் விட்டுவிடுவேன்.

“அப்ப கணக்குப் பீரியட்ல என்னாதான் பண்றீங்க?”

“முக்கோணவியலத் திருப்பறோம்க்கா. இதோட பதினோரு தடவ திருப்பிட்டோம். இன்னும் நடத்தல.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

“அரையாண்டுக்குப் பத்து நாள்தான்க்கா இருக்குது. இப்ப புரியலன்னா பொதுத்தேர்வுல எப்டி வரும்? கணக்குல மார்க்கு இல்லன்னா பதினொண்ணாவதுல ஃபர்ஸ்ட் குரூப் குடுக்க மாட்டாங்க.”

நான் எட்டாவதோடு நின்றது வறுமையால் என்று எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படியே விட்டுவிடுவேன், கேட்க நன்றாக இருக்கிறதே என்று. உண்மையில் நின்றது கணக்கால். அந்த வருஷம் எங்களுக்குக் கணக்கு வாத்தியார் கிடையாது. தினம் யாராவது வந்து உட்காருவார்கள். “சத்தம் போடாதீங்க” என்பது ஒன்றுதான் பாடம். அந்தப் பாடத்தில் நான் நன்றாகவே தேறினேன். வருஷக் கடைசியில் வினாத்தாளைப் பார்த்ததும் எழுந்து வீட்டுக்குப் போனவள், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியது நோட்டைத் தூக்கத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மணி அடித்ததும் பீரோவைத் திறந்தேன். உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தேன். “போர்டு வேண்டாம். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போங்கள். ஒரு குச்சியை நட்டு, குச்சியையும் அதன் நிழலையும் அளக்கச் சொல்லுங்கள். பிறகு கொடிமரத்தின் நிழலை அளக்கச் சொல்லுங்கள். கொடிமரத்தில் ஏறாமல் அதன் உயரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேளுங்கள். தேன்மொழி உடனே சொல்லிவிடுவாள், அவளை முதலில் கேட்காதீர்கள். பின் பெஞ்சுக்கு நேரம் கொடுங்கள்.”

எனக்கே புரிந்தது.

கையில் பக்கங்களோடு நின்றிருந்தபோது ஹெச்.எம். சார் வேர்க்க விறுவிறுக்க வந்தார். கடலூரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறாராம், ஆசிரியர் வராத வகுப்புகளுக்கு என்ன ஏற்பாடு என்று பார்க்க.

“ஆ, அதக் கையிலயே வச்சிருக்கியா? நல்லதாப் போச்சு. பஞ்ச் பண்ணி, டேக் போட்டு, கோப்புல மொதல்ல வை.”

“சார், இது இன்னும் கிளாஸுக்குப் போவல சார்.”

“போவலன்னு அவருகிட்ட யாரு சொல்லப் போறா? பாரு, ஒரு கறை இல்ல, மடிப்பு இல்ல. இதான் நம்ம பள்ளிக்கூடத்தோட மானம்.”

“ஜெராக்ஸ் எடுத்துட்டு…”

“கரன்ட் எங்க இருக்குது? கிளாஸுக்கு அப்பறம் குடுக்கலாம் பாக்கியம்.”

தெருவுக்கே காலையிலிருந்து கரன்ட் இல்லை, மழை. மூன்று வாரமாகக் கரன்ட் இருந்ததே என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே என்னைக் கேட்டு முடிக்கவில்லை. ஆனால் ‘அப்பறம்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்ட காகிதம் ஆவணமாகிவிடும். அதைக் கோப்பிலிருந்து உருவ யாருக்கும் கை வராது. எனக்கு நிச்சயமாக வராது.

இரண்டாம் பீரியடு மணி அடித்தது. நோட்டின்படி பத்தாவது பி-க்கு பி.டி. சார். வராண்டாவில் நின்றேன், அலுவலகம் இடது பக்கம், வகுப்பு வலது பக்கம். ஒரு கையில் நீலக் கோப்பு, ஒரு கையில் உறை. மழை விட்டு வெயில் வந்திருந்தது. அது எவ்வளவு நேரம் இருக்கும் என்ற கவலை வேறு. தைரியத்தால் வலது பக்கம் திரும்பினேன் என்று எழுத ஆசைதான். மெமோவை நினைத்தும் பயமாக இருந்தது, தேன்மொழியை நினைத்தும் பயமாக இருந்தது. இரண்டாவது பயம் கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான்.

பி.டி. சார் நாற்காலியில் உட்கார்ந்து விசிலை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்னாக்கா, இன்னிக்கும் நானா? எனக்கும் கணக்குக்கும் பேச்சுவார்த்த நின்னு இருவது வருஷம் ஆவுது.”

“மொதப் பக்கத்த மட்டும் படிங்க சார்.”

வாங்கி மோந்து பார்த்தார். “என்னாக்கா இது, கல்யாணப் பொடவ மாதிரி அந்துருண்ட வாசன வருது?” முன் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படிக்கப் படிக்க அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “குச்சி, டேப்பு, கொடிமரம். டேப்பு லாங் ஜம்ப்புது இருக்குது. குச்சிக்கு கிரிக்கெட் ஸ்டம்ப்பு. இதுல கணக்கு எங்கக்கா இருக்குது?”

“ரெண்டாவது பக்கத்துல வருதாம் சார்.”

“சரி, ரெண்டாவது பக்கம் வந்தா பாத்துக்கலாம்.” விசிலை ஊதினார். “எல்லாரும் கிரவுண்டுக்கு!”

மழை ஈரத்தில் ஸ்டம்ப் சுலபமாக இறங்கியது. நான் வானத்தைப் பார்த்தபடி நின்றேன். மேகம் ஒன்று கோயில் கோபுரத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. கொடிமரத்தின் நிழல் சிமென்ட் பீடத்தைத் தாண்டி மண்ணில் விழுந்திருந்தது. பி.டி. சார் டேப்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறினார்.

“ஏய், பீடத்த சேக்கணுமா, சேக்க வேணாமா?”

“வேணாம் சார், அது கொடிமரம் இல்லையே!” என்றான் பின் பெஞ்சுக்காரன் ஒருவன்.

“லூசு, நிழலு பீடத்தோட சேந்துதான வுழுது? ஒசரத்துலயும் சேக்கணும், அப்பறம் கழிச்சுக்கணும்” என்றான் இன்னொருவன்.

தேன்மொழி வாயைத் திறந்தாள். “நீ சும்மா இரு. ஒன்ன மொதல்ல கேக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குது” என்றார் பி.டி. சார். மூன்று வாரத்தில் முதன்முதலாக அவள் சிரித்ததைப் பார்த்தேன்.

அதிகாரிகள் தாமதமாகத்தான் வருவார்கள் என்பது எங்கள் பள்ளியின் நம்பிக்கை. அந்த மனிதர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து அதைக் கெடுத்தார். நான் கோப்போடு அலுவலகத்துக்கு ஓடினேன். அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார்.

“என்ன சார், எல்லாம் ஒரே மாதிரி இருக்குது?”

“ஒருமைப்பாடு சார்” என்றார் ஹெச்.எம். சார்.

“பத்தாவது பி கணக்கு?”

ஹெச்.எம். சார் என்னைப் பார்த்தார். “பாக்கியம், அந்த எட்டு பக்கம் எங்க?”

“கிரவுண்டுல இருக்குது சார்.”

சன்னலுக்கு வெளியே நாற்பது பிள்ளைகள் கொடிமரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். இரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள் போல. குச்சியை அதன் நிழலால் வகுத்தாலும், கொடிமரத்தை அதன் நிழலால் வகுத்தாலும் ஒரே எண்தான் வரும், அதற்கு ‘டேன்’ என்று பெயர் என்பதை பி.டி. சார் கவாத்துப் போலச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். “டேன்! கேக்கல! இன்னொரு தடவ, டேன்!”

“அது என்ன, டிரில்லா?” என்றார் அதிகாரி.

“ஆமாங்க சார், டிரில்” என்றார் ஹெச்.எம். சார்.

“கணக்கு சார்” என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டது. எழுந்து சன்னல் அருகில் போய் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து எழுதினார்: “பத்தாம் வகுப்பு பி பிரிவு கணக்குப் பாடத்திட்டம் கோப்பில் இல்லை.”

“நடக்குதே சார், அதோ” என்றேன்.

“நடக்கறத நான் எழுத முடியாதும்மா. இருக்கறதத்தான் எழுத முடியும்.”

அன்று கொடிமரத்தின் உயரம் பதினெட்டரை அடி என்று கண்டுபிடித்தார்கள். பள்ளிப் பதிவேட்டில் இருபது அடி என்றிருக்கிறது. மிச்சம் ஒன்றரை அடி மண்ணுக்குள் இருப்பதாக ஹெச்.எம். சார் விளக்கம் கொடுத்தார்.

மறுநாள் எனக்கு மெமோ. “பத்திரமாக வைக்கச் சொன்ன ஆவணத்தை அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றது ஏன்?” ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று நாள் யோசித்து இப்படிப் பதில் எழுதிக் கொடுத்தேன்: “பத்திரமாக வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன். பிறகு வெயில் வந்தது.” அந்த மெமோ என் பணிப் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டு என்னோடு சேர்ந்து ஓய்வு பெற்றது.

பி.டி. சார் அதற்குப் பிறகு நோட்டைத் தேடி அவரே வந்தார். பத்தாவது பி-க்குத் தன்னையே போடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாளுக்கு ஒரு பக்கம். சந்தேகம் வந்தால் டீச்சருக்குப் போன். அழிக்க வேண்டாம் என்றிருந்த போர்டை டீச்சரிடம் கேட்டுத் துடைத்தேன். தேன்மொழி சாக்பீஸ் வாங்க வர ஆரம்பித்தாள். இங்கே நிறுத்தினால் நான் நல்லவளாகிவிடுவேன். அதனால்தான் மிச்சத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது.

நடுவில் இரண்டு நாள் மழை லீவு விட்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்குள் ஆறு பக்கம்தான் முடிந்தது. பொங்கல் கழித்து டீச்சர் கைத்தடியோடு வந்து விடைத்தாள் கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமை தேன்மொழி சாக்பீஸ் வாங்க வந்தபோது தன் தாளை என் மேசையில் விரித்தாள். ஆறு பக்கத்திலிருந்து வந்ததெல்லாம் சரி. கடைசிக்கு முன்னால் ஒரு ஐந்து மார்க் கேள்விக்கு மட்டும் இடம் வெறுமையாக இருந்தது. கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து பார்த்தால், கரைக்கு வரும் படகு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கேள்வி.

“எங்க ஊரு கணக்குக்கா” என்றாள். “டீச்சர் ஏழாவது பக்கத்துல எழுதியிருந்தாங்களாம். பி.டி. சார் காட்டினாரு.”

சாக்பீஸ் டப்பாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன்.

“அந்தப் பக்கத்துலயும் அந்துருண்ட வாசன வந்துச்சு. இந்த அஞ்சு மார்க்கு ஒங்க பீரோவுல இருந்துச்சுக்கா.”

கோபமாகச் சொல்லவில்லை. சாக்பீஸை எண்ணிக்கொண்டே சொன்னாள். எண்ணி முடித்து, சாக்பீஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். மெமோவுக்கு மூன்று நாளில் பதில் எழுதியவளுக்கு அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. பீரோ சாவி இப்போது உங்கள் இடுப்பில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை திறந்து, உள்ளே என்னென்ன பத்திரமாக இருக்கிறது என்று பாருங்கள்.